பினாங்கானுக்கு வந்த சீக்கு

சலீமா பீவி மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது பறவை அவளுடைய இடது மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. தலையை மேலும் கீழுமாக நாலைந்து தடவை ஆட்டியது. பிறகு அவளுடைய புறங்கையில் வாந்தி எடுத்தது. பெரிய வாந்தி ஒன்றுமில்லை. காலையில் அவள் வைத்த தினையில் சில மணிகள், பிசுபிசுவென்று, இன்னும் வெதுவெதுப்பாக. எடுத்த கையோடு கொண்டையைப் பின்னால் சாய்த்து, இறக்கைகளை முதுகிலிருந்து லேசாகத் தூக்கி, ரொம்ப நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரி ஒரு நீளமான சீட்டியும் அடித்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் அவளைக் குலைநடுங்க வைத்தது. பறவை அவள் கைமேலேயே உடம்பைத் தாழ்த்தி, வாலை ஒருபக்கமாக ஒதுக்கி, கிடுகிடுவென்று இழுக்க ஆரம்பித்தது. கண் பாதி மூடியிருந்தது. தொண்டையிலிருந்து கீச்சுக் கீச்சென்று என்னவோ ஒரு முனகல்.

“யா அல்லா, இழுப்பு வந்துடுச்சே!” என்று சலீமா கத்தினாள். புளித்தண்ணீர் அடுப்பில் கொட்டி அடுப்பு அணைந்தது.

அந்தப் பறவைக்கு என்ன பெயர் என்று கடலூர் முதுநகரில் ஒருவருக்கும் தெரியாது. சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் தலை, தலைமேல் ஊசி ஊசியாக ஒரு கொண்டை, இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சு வட்டம். நாடகத்துக்கு வேஷம் கட்டிவிட்டு மேடை ஏற்றாமல் விட்டுவிட்ட ஆள் போலிருக்கும். சலீமாவின் புருஷன் அபுல் ஹசன் பினாங்கில் ஒரு மொத்த மளிகைக் கடையில் இருக்கிறார். கடையில் வருஷக்கணக்காக இந்தப் பறவையை வைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஊருக்கு வரவேண்டிய முறை. அவர் வரவில்லை, நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கிய ஒரு ஊர்க்காரர் கையில் கூண்டு வந்தது. ‘நான் வர்ற வரைக்கும் இது ஒனக்குத் துணை’ என்று வாய்மொழியாக ஒரு சேதியும் வந்தது. தெருப்பிள்ளைகள் பறவைக்குப் பினாங்கான் என்று பெயர் வைத்தார்கள். அபுல் ஹசனுக்கும் தெருவில் அதுதான் பெயர் என்பதால் யாருக்கும் புதிதாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய சிரமம் இல்லை.

பறவை வந்து சேர்ந்ததோடு அவரிடமிருந்து கடுதாசி நின்றுபோனது. நோன்பு போனது, பெருநாள் போனது, ஹஜ்ஜுப் பெருநாளும் போனது. பேப்பரில் வேறு, இந்தோனேஷியாக்காரன் மலேசியாவோடு சண்டைக்கு நிற்கிறான், அங்கே குண்டு இங்கே கலவரம் என்று தினமும் எதையாவது போட்டுக்கொண்டிருந்தான். சலீமாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன் அப்துல் ஹக் படித்துக் காட்டுவார். படிப்பதற்கும் தீர்ப்பு வாசிப்பதற்கும் அவருக்கு ஒரே குரல்தான் என்பதால், மலேசியா முழுவதற்கும் தண்டனை கொடுத்துவிட்ட மாதிரி இருக்கும் அவளுக்கு.

அப்துல் ஹக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். அவர் ஒரு காலத்தில் கௌரவ பெஞ்சு மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவர்கள், பொதுக்குழாயடியில் ஆடு குளிப்பாட்டியவர்கள், பீச்சு ரோட்டில் சீட்டாடியவர்கள் ஆகியோரின் தலையெழுத்து சிலகாலம் அவர் கையில் இருந்தது. பதவிக்காலம் முடிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் பெஞ்சை விட்டு இறங்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பேரன் பென்சிலைத் தொலைத்தால்கூட வாதி யார், பிரதிவாதி யார் என்று விசாரித்துவிட்டுத்தான் இன்னொரு பென்சில் வாங்கித் தருவார். கறுப்பு பம்ப் ஷூ போடுவார். அதில் முகம் பார்த்து மீசை திருத்தலாம், அப்படி ஒரு மினுக்கு.

அந்த ஷூவினால்தான் அவருக்கும் பறவைக்கும் சிநேகமே உண்டானது. தினமும் தங்கை வீட்டுக்கு வந்ததும் ஷூவை வாசற்படிக்கு உள்பக்கமாகக் கழற்றிவைப்பார். பறவை கூண்டைவிட்டு இறங்கி, தரையோடு தரையாகத் தத்தித் தத்திப் போய், ஷூவின் முன்னால் நிற்கும். தலை வணங்கும். இறக்கையை விரித்து ஒரு பாட்டுப் பாடும். அலகால் ஷூவின் மூக்கில் டொக் டொக்கென்று தட்டிவிட்டுத் திரும்பவும் வணங்கும். 

“பாத்தியா சலீமா, பறவக்குக்கூட ஆளத் தெரியுது,” என்பார் அப்துல் ஹக். “நான் உள்ள இருந்தாலும் என் ஷூவுக்கு மரியாத குடுக்குது. மனுஷனுக்குத்தான் அந்தப் புத்தி வரமாட்டேங்குது.”

இந்தக் கடைசி வாக்கியம் அபுல் ஹசனுக்கானது. மச்சானுக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போனமுறை ஊர் வந்திருந்தபோது பரங்கிப்பேட்டையில் ஒரு நிக்காஹ் விருந்து. நாலுபேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுகிற ஸஹன் விருந்து. அப்துல் ஹக் கை கழுவிவிட்டு வருவதற்குள் அபுல் ஹசன் வேறு யாரோ மூன்று பேரோடு உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டார். பெண் கொடுத்த வீட்டு மூத்தவர், அதிலும் மாஜிஸ்திரேட், ஊர் பேர் தெரியாத ஒரு பந்தல்காரனோடும் இரண்டு சின்னப் பையன்களோடும் ஒரு ஸஹனில் உட்காரவேண்டி வந்தது. பையன்களில் ஒருவன் இவர் பக்கத்துக் கறியையும் எடுத்துத் தின்றுவிட்டான். அதை அவர் மறக்கவில்லை.

ஆகவே, “நானா, ஒரு தந்தி குடுத்துப் பாருங்களேன், மனசு ஒரு மாதிரியா இருக்கு,” என்று சலீமா அண்ணனிடம் எப்போது கேட்டாலும், “அவன் மொதல்ல எழுதட்டும்,” என்றுதான் பதில் வரும். நானாவை மீறி வேறு ஆளிடம் சொல்லித் தந்தி கொடுக்கலாம். கொடுத்தால் முதுநகர் முழுக்கத் தெரியும், அப்துல் ஹக்கின் தங்கை அடுத்தவன் காலில் விழுந்துதான் புருஷன் சேதி தெரிந்துகொண்டாள் என்று. அதனால் அவள் பறவைக்குத் தினை வைத்தாள். சாயந்திரமானால் மடியில் வைத்துத் தலையிலிருந்து வால்வரை தடவிக்கொடுத்தாள். அது கண்ணைச் செருகிக்கொண்டு கிடக்கும். யாரோ ஒருவர் கடலைத் தாண்டிவந்து பக்கத்தில் இருக்கிற மாதிரி அவளுக்கு இருக்கும்.

அந்தப் பறவைதான் இப்போது வாந்தி எடுத்து இழுத்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வந்த அப்துல் ஹக் நிலைமையைப் பார்வையிட்டார். சலீமா நடந்ததைச் சொன்னாள். அவர் பறவையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பறவை அவர் கால் விரலைப் பார்த்து ஒரு சீட்டி அடித்தது.

“வாப்பா ரங்கூன்ல மவுத்தானப்ப நீ கைக்கொழந்த,” என்று ஆரம்பித்தார். “வாப்பா வளத்த புறா ஒண்ணு இருந்துச்சு. மூணு நாளு தீனி எடுக்கல, மூலையில போயி ஒடுங்கிக்கிச்சு. எண்ணி மூணாம் நாளு சேதி வந்துச்சு. ஒடயவனுக்கு என்னா நடக்குதோ, அது அவன் வளத்த உசுருல தெரியும். இது நான் கண்ணால பாத்தது.”

“அப்படின்னா என்னா நானா சொல்றீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல. சாட்சி அப்படிச் சொல்லுது.”

சாட்சி அடுத்த நாளும் அப்படியே சொன்னது. அதற்கு அடுத்த நாளும். சோற்றுப்பானை மூடிமேல் இழுப்பு, வெற்றிலைச் செல்லத்தின் மேல் இழுப்பு, பெரும்பாலும் சலீமாவின் கையில் இழுப்பு. சகுனம் பார்ப்பது கூடாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தது சலீமாவுக்குத் தெரியும். அதனால் அவள் சகுனம் பார்க்கவில்லை. பயந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். பறவை சீட்டியடிக்கும்போது அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். இழுக்கும்போது ஏதோ ஒரு ஆஸ்பத்திரி, வெள்ளைக் கட்டில், பக்கத்தில் ஒருவருமில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பினாங்கான் மட்டும் நன்றாகத் தின்றது. தின்றதில் ஒரு பங்கை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டது.

மஞ்சக்குப்பத்தில் கால்நடை டாக்டரிடம் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் நேர்மையான மனுஷர். “அய்யா, மாடு, எரும, ஆடு, கோழி, இதோட நம்ம கத முடிஞ்சிடும். இதக் கண்ணால பாக்குறதே இப்பதான். சிதம்பரத்துல காலேஜ்ல உயிரியல் லெக்சரர் ஞானசேகரன்னு ஒருத்தர் இருக்கார். பறவைன்னா அவருக்குப் பைத்தியம். அங்க போங்க,” என்று சொல்லிவிட்டார். 

அப்துல் ஹக்குக்கு இதில் உற்சாகமே வந்துவிட்டது. முன்சீப் கோர்ட்டிலிருந்து ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகிற மாதிரி ஒரு அந்தஸ்து. ஷெர்வானியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், எப்போதும் போடுவதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

பாசஞ்சர் வண்டியில் கூண்டைப் பச்சைத் துண்டால் மூடிச் சலீமா மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் காற்றுக்குத் துண்டு விலகியது. எதிர் சீட்டில் கால்மேல் கால் போட்டிருந்த அப்துல் ஹக்கின் ஷூ பினாங்கானின் கண்ணில் பட்டது. கம்பிக்கு வந்து ஒட்டிக்கொண்டு, இறக்கையைத் தூக்கி, தொண்டையைத் திறந்தது பாருங்கள், பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆள், அண்ணாகிராமத்துக்காரர், “என்னா பாய், கும்புடு போட்டுக்கினே பாடுது?” என்றார்.

“பழக்கம் அப்படி,” என்றார் அப்துல் ஹக். “நான் பெஞ்சுல இருந்தவன். அதுக்குத் தெரியும்.”

“அடேங்கப்பா. எங்க ஊட்டு நாயி என்னையே பாத்துக் கொலைக்குது.”

“வளப்புல இருக்கு,” என்று மாஜிஸ்திரேட் முடித்துக்கொண்டார்.

சலீமா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரங்கிப்பேட்டைக்கு அப்பால் வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது, ஆற்றின் வாயில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் பினாங்கு என்று சின்ன வயதில் யாரோ சொன்னது. அவள் கம்பிக்குள் விரலை விட்டாள். பறவை பாட்டை நிறுத்திவிட்டு விரலைக் கவ்விக்கொண்டது. செத்துத் தொலைக்காதே, என்று மனசுக்குள் சொன்னாள். பறவையிடம்தான் சொன்னாளா, பறவை வழியாகச் சொன்னாளா என்று கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது.

லெக்சரர் ஞானசேகரன் ஒல்லியான மனுஷர். துண்டை விலக்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “நிம்ஃபிகஸ் ஹாலண்டிகஸ்!” என்று கூவினார்.

அப்துல் ஹக் முகம் இறுகியது. “பொழைக்குமா?”

“அது சீக்கு பேர் இல்ல சார், பறவ பேர். ஆஸ்திரேலியாப் பறவ. படத்துலதான் பாத்திருக்கேன். மலரு, இங்க வந்து பாரேன்!”

மனைவி மலர்க்கொடி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கதவோரம் பாயில் உட்கார்ந்திருந்த சலீமாவைப் பார்த்து, “உள்ள வாங்கக்கா,” என்றாள். “இருக்கட்டும்மா,” என்றாள் சலீமா. தீர்ப்பு வருகிற நேரத்தில் எழுந்துபோக முடியுமா?

லெக்சரர் கேள்வி கேட்டார். அப்துல் ஹக் வாக்குமூலம் கொடுத்தார். வாந்தி எப்படி, இழுப்பு எப்படி, வால் எந்தப் பக்கம் ஒதுங்கும், சத்தம் எப்படி என்று விவரமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல லெக்சரரின் உற்சாகம் வடிந்து, காதுமடல் சிவக்க ஆரம்பித்தது.

“தீனி நல்லா எடுக்குதா சார்?”

“குதுர மாதிரி.”

“இந்த... இழுப்பு... எங்க வச்சு வருது?”

“பான மூடி, வெத்தலப் பொட்டி. முக்கியமா என் தங்கச்சி கையில.”

லெக்சரர் கதவோரம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். எழுந்தார். அறுபது மாணவர்களுக்கு முன்னால் தவளையை அறுத்துக் காட்டுகிறவர், இரண்டு பேருக்கு முன்னால் வேர்த்து நின்றார். திடீரென்று பாடப்புத்தகத் தமிழுக்குத் தாவினார். “அதாவது, ஒற்றையாக வளர்க்கப்படும் பறவையானது, பருவகாலத்தில், தன் இனத்தைச் சேர்ந்த துணை இல்லாத நிலையில், அருகிலுள்ள ஒன்றைத் துணையாகப் பாவித்து, அதன்பொருட்டு சில நடத்தைகளை...”

“எந்த ஒண்ண?” என்றார் அப்துல் ஹக்.

லெக்சரர் உத்தரத்தைப் பார்த்தார். “ஒரு நிமிஷம் சார்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே குசுகுசுவென்று ஒரு பேச்சு. அதன்பின் மலர்க்கொடி வெளியே வந்து சலீமாவின் கையைப் பிடித்து, “காப்பி போடறேன், தொணைக்கு வாங்கக்கா,” என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததைச் சலீமா பார்த்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

“சொல்லிடும்மா,” என்றாள் சமையலறையில். “எதுவா இருந்தாலும் சொல்லிடு. சாவப்போவுதா?”

“சாவறதா?” மலர்க்கொடிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அம்மிமேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அக்கா. அது புது மாப்புள்ளக்கா! ஒங்களக் கட்டிக்கிட்டதா நெனச்சிக்கிட்டிருக்கு.”

“என்னாது?”

“சோடி இல்லாம தனியா வளந்துச்சில்ல. நீங்கதான் அதுக்குச் சோடி. பாடுறது, றெக்கைய விரிக்கிறது எல்லாம் ஒங்கள மயக்குறதுக்கு. இழுப்புன்னு சொன்னீங்களே, அது...” மலர்க்கொடி அவள் காதில் ஏதோ சொன்னாள்.

“அஸ்தஃபிருல்லா!” சலீமா கையை உதறினாள். முந்தானையில் தேய்த்துத் துடைத்தாள். 

“மொதுக தடவிக் குடுப்பீங்களா?”

“தடவாம? பெத்த புள்ள மாதிரி...”

“அது அப்படி எடுத்துக்கலைக்கா. தலையையும் கழுத்தையும் மட்டும் தடவணுமாம். மொதுகத் தடவுனா நீங்க சரின்னு சொன்னதா அர்த்தமாம். எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. சொல்றதுக்குள்ள அவருக்கு சட்ட நனைஞ்சிடுச்சு.”

“அப்ப அந்த வாந்தி?”

“வாந்தி இல்லக்கா. ஊட்டி விடுது. தான் தின்னதுல பாதிய பொண்டாட்டிக்கு எடுத்தாந்து குடுக்குமாம். அடகாக்குறப்ப பொட்டப்பறவைக்குப் பசிக்கக் கூடாதுல்ல.”

சலீமா தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போய்விடாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எப்போது அது அழுகையானது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இத்தனை நாளும் தொண்டைக்குக் கீழே இறங்காமல் நின்றதெல்லாம் ஒரே மூச்சில் இறங்கியது. ஆஸ்பத்திரி இல்லை. வெள்ளைக் கட்டில் இல்லை. காய்ச்சல் இல்லை. ஒரு கிறுக்குப் பறவை, அவ்வளவுதான். பசித்தது அவளுக்கு. மலர்க்கொடி தட்டில் வைத்த இட்லியை வேண்டாம் என்று சொல்லாமல் தின்றாள்.

கூடத்தில் விசாரணை இன்னும் நடந்துகொண்டிருந்தது. சன்னலைச் சாத்திவிட்டுப் பறவையை வெளியே விடச் சொல்லியிருந்தார் லெக்சரர். இறங்கிய பினாங்கான் லெக்சரரைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குத் தத்திப் போனது. புதுப் பாலிஷில் பளபளத்துக்கொண்டிருந்த ஷூவுக்கு முன்னால் நின்று வணங்கியது.

“இதுதான் நான் சொன்னது,” என்றார் அப்துல் ஹக். “சீக்கு வந்தாலும் மரியாதைய விடல பாருங்க.”

இறக்கையை விரித்தது. பாடியது. அலகால் தட்டியது. பிறகு, வீட்டில் அவர் வணக்கம்வரை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவதால் இதுவரை பார்த்தேயிராத ஒரு காரியத்தைச் செய்தது. ஷூவின் மேல் ஏறி, உடம்பைத் தாழ்த்தி, வாலை ஒருபக்கமாக ஒதுக்கியது.

கீச்சுக் கீச்சென்று முனகல் மட்டும் கேட்டது.

“சார்,” என்றார் லெக்சரர், மிகவும் மெதுவாக. “ஒங்க ஷூவையும்...”

“என் ஷூவ?”

“அதே மாதிரிதான் சார்.”

“இது மரியாத இல்லியா?”

“இல்ல சார்.”

அப்துல் ஹக் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருக்குத் தீர்ப்பு வாசித்த வாய் சற்றுத் திறந்தபடியே இருந்தது. தனக்கு எதிராகத் தன் காலணியே சாட்சி சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஷெர்வானியின் மேல் பொத்தான் ஒன்றைக் கழற்றினார், பிறகு எதற்கென்று தெரியாமல் அதையே திரும்பப் போட்டுக்கொண்டார்.

கதவோரம் வந்து நின்ற சலீமாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணனை ஒரு சீண்டு சீண்டிப் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மனசு லேசாகியிருந்தது. சின்ன வயதுக்குப் பிறகு அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை.

“நானா, ஒடயவனுக்கு என்னா நடக்குதோ அது அவன் வளத்த உசுருல தெரியும்னீங்களே.”

“ஆமா, அது நான் கண்ணால...”

“அப்படிப் பாத்தா இப்ப பினாங்குல என்னா நடக்குது நானா?”

சொல்லி முடித்தபிறகுதான் அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. பினாங்கில் இரண்டாவதாக நிக்காஹ் செய்துகொண்டவர்கள் முதுநகரில் ஒன்றிரண்டு வீட்டில் உண்டு. அதை யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. கடுதாசி நிற்பதில்தான் அதெல்லாம் ஆரம்பிக்கும்.

அண்ணனுக்கும் அது உறைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற மச்சான் என்பது கௌரவக் குறைச்சலில்லாத விஷயம், அனுதாபத்தோடு பேசலாம். இது அப்படியா? மாஜிஸ்திரேட் குரலை உயர்த்தினார். 

“சகுனம் பாக்குறது ஹராம்! தெரியுமில்ல? மூட நம்பிக்க. படிச்சவங்க வீட்டுல உக்காந்துகிட்டு என்னா பேச்சு பேசுற?”

“புறா?”

“புறாவுக்கு அப்ப வயசாயிடுச்சு.”

அவர் ஷூவை மாட்டிக்கொள்ளப் போனார். பினாங்கான் இறங்க மறுத்துக் கடிக்க வந்தது. லெக்சரர் துண்டைப் போட்டுப் பிடித்துக் கூண்டில் விட்டு, சலீமாவிடம் தரையைப் பார்த்தபடியே வைத்தியத்தைச் சொன்னார். மினுமினுக்கிற எதையும் கண்ணில் காட்டக் கூடாது. பொழுது சாய்ந்ததும் கூண்டை மூடிவிட வேண்டும். இருட்டு ஜாஸ்தி இருந்தால் ஆசை அடங்கும். ஊட்ட வந்தால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்.

“எல்லாத்துக்கும் மேல ஒரு சோடி இருந்தா நல்லது. இங்க கெடைக்காது. வந்த ஊர்லதான் தேடணும்.”

ஸ்டேஷனுக்குப் போகிற குதிரைவண்டியை வழியில் தந்தி ஆபீஸ் வாசலில் நிறுத்தச் சொன்னவர் அப்துல் ஹக்தான். “நம்ம ஊர் தபாலாபீஸ்ல கேக்குறவன் ஜாஸ்தி,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தவர் ஸஹன் விருந்தில் கறி போன நாளில் இருந்ததைவிடச் சின்னவராகத் தெரிந்தார். சலீமாவுக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது.

பதில் தந்தி வருகிறவரை வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் சமைத்தாள், சாப்பிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டில் போனது போனதுதான். அதன் இடத்தில் ஒரு பெண்ணின் முகம் வர முயற்சி செய்தது. முகம் சரியாகக் கூடி வரவில்லை. வந்தவரை மூக்கு மட்டும் சப்பை.

தந்தியை அப்துல் ஹக் கையில் பிடித்தபடியே வந்தார். காலில் ஷூ இல்லை, மகனுடைய ரப்பர் செருப்பு. இரண்டு அளவு பெரியது. வாசலில் நின்றபடியே வாசித்தார். வாசிக்க ரொம்ப நேரமாகவில்லை.

“நலம். கடை மாறினேன். விலாசம் கடிதத்தில். பறவை சுகமா.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் சலீமா. சுவரில் சாய்ந்துகொண்டாள். பழைய கடை விலாசத்துக்குப் போன தந்தி எப்படியோ ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறது. கடை மாறினால் கடுதாசி எழுத ஏன் மறக்க வேண்டும் என்பது அப்புறம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இருக்கிறார். நன்றாக இருக்கிறார். பேதைமனசு அதோடு விட்டுவிட்டு உட்காரத்தான் பார்த்தது.

“அவ்வளவுதானா நானா?”

அப்துல் ஹக் தந்தியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. “தந்தியில எல்லாத்தையும் எழுத முடியாது,” என்றார். பெஞ்சுக் குரல் இல்லை. “ஒன்ன விசாரிச்சிருக்கணும். அவன் எப்பவுமே...”

“பறவயத்தான கேட்டிருக்காங்க? அதுக்குப் பதில் எழுதுங்க.”

“என்னான்னு?”

“பறவ நல்லா இருக்கு. ஆனா தனியா இருக்க முடியல, கிறுக்கு ஜாஸ்தியாவுது. படிச்ச லெக்சரரு பாத்துட்டு, சோடி வந்தாதான் சரியாவும்னுட்டாரு. இங்க கெடைக்காது. வேற யாரு கையிலயும் குடுத்தனுப்ப வேணாம், வழியில செத்துடும். அவுங்களே கையோட கொண்டாரணும்னு எழுதுங்க.”

அப்துல் ஹக் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். தந்தியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். 

“பறவைக்குத்தான?” என்றார் பிறகு.

“பறவைக்குத்தான்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார். பினாங்கான் வாசல்வரை தத்திப் போய், வழக்கமாக ஷூ இருக்கிற இடத்தில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தது. இல்லையென்று தெரிந்ததும் திரும்பி வந்து சலீமாவின் முழங்கால்மேல் ஏறி, அங்கிருந்து கைக்கு வந்தது.

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. கூண்டை மூடுகிற பச்சைத் துண்டு கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கொடியில் கிடந்தது. பறவை தலையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தது. கையை இழுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் லெக்சரர். அவள் துண்டைப் பார்த்தாள், பறவையைப் பார்த்தாள். புறங்கையைத் திருப்பி உள்ளங்கையாக விரித்தாள். ஒன்றன்பின் ஒன்றாகச் சில தினை மணிகள் அதில் வந்து விழுந்தன, ஈரமாக, இன்னும் சூடு ஆறாமல்.